விசிறிக்கு வைத்த பொட்டு

என் தங்கை வீட்டுக்காரர் வீரமணி ஒரு செருப்பு வாங்க மூன்று கடை ஏறி இறங்குவார். மூன்றாவது கடையில் ஒரு ஜோடியைப் போட்டுக்கொண்டு இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்து பார்ப்பார். கடைக்காரர் பில் போடக் கை வைக்கும் நேரத்தில், "மொத கடையில பார்த்ததே தேவலாம் போல இருக்கே மச்சான்" என்பார். நான் மாரண்டஹள்ளியில் தக்காளி மண்டி வைத்திருப்பவன். ஒரு லாரிச் சரக்குக்கு டீ ஆறுவதற்குள் விலை சொல்ல வேண்டிய பிழைப்பு என்னுடையது. அந்த எனக்குப் போய் இப்படி ஒரு மாப்பிள்ளை வாய்த்திருக்கிறார். வயதில் என்னைவிடச் சின்னவர்தான். ஆனால் தங்கையைக் கட்டியவராயிற்றே, திட்டுவதென்றாலும் 'ங்க' போட்டுத்தான் திட்ட வேண்டியிருக்கிறது.

ஆள் கெட்டிக்காரர். அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. பெங்களூரில் ஒரு கம்பெனிக்கு வேலை செய்கிறார். இன்னும் அஸ்திவாரம்கூடத் தோண்டாத அடுக்குமாடி வீட்டைக் கம்ப்யூட்டரிலேயே கட்டி, அதற்குள் நாம் நடந்து போவது போல வீடியோ எடுத்துக் காட்டுவது அவர் வேலை. ஒருமுறை எனக்குக் காட்டினார். சமையலறை ஜன்னல் வழியாக வெயில் விழுகிறது, மேஜை மேல் கிண்ணத்தில் ஆப்பிள் இருக்கிறது. தக்காளி வைக்கக் கூடாதா என்று கேட்டேன். சிரித்துவிட்டு அடுத்த வீடியோவில் வைத்தார். அந்த மாதிரி மனுஷன்.

என் தங்கை கலைமதி இங்கே அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் நர்ஸ். அரசாங்க வேலையை விட முடியாது, கர்நாடகத்துக்கு மாற்றலும் கிடைக்காது. கல்யாணமான புதிதில் இருந்தே அவர் அங்கே, இவள் இங்கே. சனிக்கிழமை இரவு ஓசூர் பஸ் பிடித்து வருவார், ஞாயிறு சாயந்திரம் கிளம்பிவிடுவார். மகள் வெண்மதி பிறந்து பேச ஆரம்பித்த பிறகும் அப்படியேதான் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு சனிக்கிழமை வந்தவர் குழந்தையைத் தூக்கி, "அப்பா வந்துட்டேன் பாரு" என்றார். அவள் அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, "எங்கப்பா போன்ல இருக்காரு" என்று சொல்லிவிட்டு இறங்கி ஓடிவிட்டாள். நாங்கள் எல்லோரும் சிரித்தோம். அவரும் சிரித்தார். சாப்பிடும்போதுதான் கவனித்தேன், தட்டில் போட்ட சோறு அப்படியே இருந்தது.

அதற்கப்புறம் கம்பெனியிடம் கெஞ்சிக் கூத்தாடி வீட்டிலிருந்தே வேலை செய்ய அனுமதி வாங்கினார். மாடியில் ஓர் அறை எழுப்பி, கம்ப்யூட்டரைக் கொண்டுவந்து இறக்கினார். ஒரே ஒரு நிபந்தனை. வாராவாரம் திங்கட்கிழமை காலை ஆபீஸ் திறக்கும்போது வீடியோ அங்கே போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். சேரவில்லையென்றால் பழையபடி பெங்களூருக்கே வந்து உட்கார வேண்டியதுதான். ஒரு வருஷம் ஒரு வாரம்கூடத் தவறாமல் போய்ச் சேர்ந்தது. வெண்மதி அவர் மடியை விட்டு இறங்க மாட்டேன் என்கிற அளவுக்கு ஒட்டிக்கொண்டாள்.

பிறகு ஆயுத பூஜை வந்தது.

ஆயுத பூஜைக்கு மண்டியில் என் தராசுக்குப் பொட்டு வைப்போம், வண்டிக்கு வைப்போம், தக்காளிப் பெட்டி அடுக்கும் தள்ளுவண்டிக்குக்கூட வைப்போம். சோறு போடுகிற சாமானுக்கு அன்று ஒரு நாள் ஓய்வு. பூஜையில் வைத்ததை மறுநாள் விஜயதசமி வரை தொடக் கூடாது. கலைமதி தன் ஸ்கூட்டருக்குப் பொட்டு வைத்தாள். வீரமணி சும்மா இருப்பாரா? எதையும் அரைகுறையாகச் செய்து பழக்கமில்லாதவர். மற்றவர்கள் மாதிரி கம்ப்யூட்டர் பெட்டியின் மேல் ஒரு பொட்டு வைத்துவிட்டுப் போயிருந்தால் இந்தக் கதையே இல்லை. "அண்ணா, படம் எல்லாம் வரையறது உள்ள இருக்கற கிராபிக்ஸ் கார்டுதானாம், அதுக்குத்தான் வைக்கணுமாம்" என்று கலைமதி என்னிடம் பெருமையாகச் சொன்னாள்.

அந்தக் கார்டை நானும் பார்த்தேன். செங்கல் அளவில் இருந்தது. வேலை செய்யும்போது கொதித்துப் போகுமாம், அதனால் அடியில் தகடு தகடாக அலுமினியமும் அதன் மேல் இரண்டு சின்ன விசிறிகளும் வைத்திருக்கிறார்கள். அதைக் கழற்றி, தூசி துடைத்து, தலைவாழை இலையில் விசிறி மேலே பார்க்கும்படி படுக்க வைத்தார். ஒவ்வொரு விசிறியின் நடுவிலும் குழைத்த சந்தனம் தாராளமாக வைத்து, அதன் மேல் குங்குமம். விசிறி இறக்கைகளில் திருநீற்றுப் பட்டை. பார்க்க லட்சணமாகத்தான் இருந்தது, பொய் சொல்லக் கூடாது. மறுநாள் காலை வரை அப்படியே இருந்தது. விஜயதசமியன்று துடைத்து உள்ளே மாட்டினார்.

அன்றிலிருந்தே அது கரகரவென்று சத்தம் போட ஆரம்பித்தது. மிக்ஸியில் கல் மாட்டியது போன்ற சத்தம். இவர் இன்டர்நெட்டில் அதைப் பற்றிப் படித்துக்கொண்டிருந்தார். தீபாவளிக்குள் ஒரு விசிறி நின்றது. அதைப் பற்றியும் படித்தார். அடுத்த விசிறியும் நொண்ட ஆரம்பித்தது. கார்டின் சூடு தொண்ணூற்றாறு டிகிரிக்கு ஏறியதும், அது தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளுமாம். திங்கட்கிழமை காலையில் போக வேண்டிய வீடியோ சாயந்திரம் போய்ச் சேர்ந்தது. கம்பெனியிலிருந்து போன் வந்தது. கத்தவில்லை, திட்டவில்லை. அடுத்த வாரமும் இப்படி ஆனால் ஆபீசுக்கு வந்துவிடுங்கள், உங்களுக்கு மேஜை காலியாகத்தான் இருக்கிறது என்று தன்மையாகச் சொன்னார்களாம். தன்மையாகச் சொன்னால்தான் எனக்குப் பயம். மண்டியிலும் அப்படித்தான், கத்துகிற வியாபாரி மறுபடி வருவான்.

செவ்வாய்க்கிழமை நான் அவரை வண்டியில் ஏற்றிக்கொண்டு பாலக்கோட்டில் முதசிர் கடைக்குப் போனேன். கம்ப்யூட்டர் ரிப்பேர் செய்கிற பையன், எங்கள் மண்டியின் பில் மெஷினையும் அவன்தான் பார்க்கிறான். கார்டைத் திருப்பிப் பார்த்தான், விசிறியைப் பிடுங்கினான், மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோய் மோந்து பார்த்தான்.

"என்னாங்கண்ணா, சந்தன வாசம் வருது?"

வீரமணி முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே. குழைத்த சந்தனம் இரவெல்லாம் விசிறியின் அச்சு வரை இறங்கி, காய்ந்து, திருநீறும் சேர்ந்து சிமெண்ட் மாதிரி இறுகியிருந்தது. முதசிர் சிரிப்பை அடக்கிக்கொண்டு கடைக்கு உள்ளே போய் சிரித்துவிட்டு வந்தான். எங்க வாப்பாகூட கடை தொறக்கறப்போ ஊதுபத்தி காட்டுவாருங்கண்ணா, ஆனா மெஷினுக்குள்ள காட்ட மாட்டாரு என்றான். எனக்கும் சிரிப்பு வந்தது. அந்த மேஜை காலியாக இருக்கிற நினைப்பு வந்ததும் சிரிப்பு நின்றுவிட்டது.

அந்த மாடலுக்கு அதே விசிறி இப்போது கிடைக்காது, வெளிநாட்டிலிருந்து வர ஒரு மாதம் ஆகும் என்றான். புதுக் கார்டு வாங்கலாம் என்றால், மாடி அறை கட்டிய கையோடு அதெல்லாம் நினைத்துப் பார்க்கிற விஷயம் இல்லை. மிச்சம் இருந்தது ஒரே வழி, வெளிக் கம்பெனிகள் தனியாகச் செய்து விற்கும் கூலர் ஒன்றை வாங்கி இந்தக் கார்டில் பொருத்துவது. அதிலும் இரண்டு ஜாதி. ஒன்று பம்பு வைத்துத் தண்ணீரைச் சுற்றவிட்டுச் சூட்டை இழுப்பது. இன்னொன்று பெரிய அலுமினியத் தகடும் செம்புக் குழாயும் பெரிய விசிறிகளும் வைத்தது.

எனக்கு எந்த ஜாதியாக இருந்தாலும் சரி, புதன்கிழமைக்குள் வந்தால் போதும். ஆனால் நம் ஆள் செருப்புக்கே மூன்று கடை ஏறுகிறவர். செவ்வாய் ராத்திரி தண்ணீர் என்றார். புதன் காலை விசிறி என்றார். நான் கத்திவிட்டேன். "மாப்ள, இது பொண்ணு பாக்கற விஷயம் இல்லீங்க. ஏதாவது ஒண்ணச் சொல்லித் தொலைங்க."

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. யோசித்து யோசித்துத்தான் பதில் சொன்னார். விசிறி நின்றால் கண்ணுக்குத் தெரியும், காதுக்கும் கேட்கும். பம்பு நின்றால் எதுவும் தெரியாது, கார்டு வெந்த பிறகுதான் தெரியும். நம் ஊர் கரண்டு வந்து வந்து போகிற லட்சணத்துக்குக் கண்ணுக்குத் தெரிகிற சாமான்தான் வேண்டும். கேட்டபோது ஞாயமாகத்தான் பட்டது. இரண்டு நாளில் அவர் எடுத்த முதல் முடிவு என்பதால் நானும் வாயை மூடிக்கொண்டேன்.

அடுத்து, எந்த விசிறிக் கூலர்? கார்டின் நடுவில் உள்ள, சிப் என்கிற சில்லைச் சுற்றி நான்கு துளைகள் இருக்கின்றன. கூலரின் திருகு சரியாக அந்தத் துளைகளில் விழ வேண்டும். ஒரு மயிரிழை தள்ளியிருந்தாலும் மாட்ட முடியாது. வீட்டில் இருந்த ஸ்கேலின் முனையை வெண்மதி கடித்து வைத்திருந்தாள். கலைமதி தன் பையிலிருந்து குழந்தைகளுக்குக் கையின் சுற்றளவு எடுக்கும் நாடாவைக் கொடுத்தாள். துளைக்குத் துளை நடுவிலிருந்து நடுவுக்கு அளந்தார், குறுக்கே அளந்தார், மறுபடி அளந்தார். "கொழந்த நல்ல எடையில இருக்கா?" என்று கேட்டாள் அவள். அந்த வாரத்தில் அந்த வீட்டில் கேட்ட ஒரே கிண்டல் அதுதான். மற்ற நேரமெல்லாம் என் தங்கை வாயே திறக்கவில்லை. டூட்டிக்குப் போனாள், வந்தாள், துணி துவைத்தாள், இஸ்திரி போட்டாள். அவள் இப்படி அமைதியாக இருந்தால் எனக்கு ஆகாது.

வியாழக்கிழமை பெங்களூருக்குப் போனார். கார்டை முதசிர் கொடுத்த வெள்ளி நிறக் கவரில் போட்டு, வெண்மதியின் பூந்துவாலையில் சுற்றி, மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் உட்கார்ந்திருந்ததைப் பார்த்தால் ஆஸ்பத்திரிக்குப் பிள்ளையைக் கொண்டுபோகிறவர் மாதிரியே இருந்தது. கடை கடையாக ஏறி, துளைகளை ஒட்டிப் பார்த்து, சரியாக விழுகிற ஒன்றை வாங்கிக்கொண்டு கடைசி பஸ்ஸில் வந்து இறங்கினார். பெரிய கூலர். இரண்டு அகலமான விசிறிகள், பளபளவென்று நான்கு செம்புக் குழாய்கள். ஆயுத பூஜைக்கு வைத்தால் எடுப்பாக இருக்கும் என்று சொல்ல வந்து, சொல்லாமல் விட்டேன்.

சனிக்கிழமை முதசிரே கடையைப் பூட்டிவிட்டு மாரண்டஹள்ளிக்கு வந்தான். பழைய கூலரைக் கழற்றினார்கள். சில்லின் மேல் சூடு கடத்துகிற பேஸ்ட் தடவினார்கள். "இது ஒண்ணுதாங்கண்ணா இதுக்குத் தடவலாம்" என்றான். புதுக் கூலரை வைத்தார்கள், நான்கு திருகும் நான்கு துளையில் விழுந்தன. எனக்குப் பெருமூச்சு வந்தது. கம்ப்யூட்டரைப் போட்டார்கள். அறுபது, எழுபது, எண்பது, தொண்ணூறு என்று டீக்கடை பாய்லர் மாதிரி ஏறியது. பதறிப்போய் அணைத்தார்கள்.

கழற்றிப் பார்த்தால் பேஸ்ட் ஒரு ஓரத்தில் மட்டும்தான் நசுங்கியிருந்தது. மறு ஓரம் வைத்தது வைத்தபடியே இருந்தது. கார்டின் மேல் சில்லுக்குப் பக்கத்தில் மேடாக ஒரு வரிசை உருப்படிகள் இருக்கின்றன. புதுக் கூலரின் செம்புக் குழாய் அதில் போய் முட்டி நிற்கிறது. ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு, சில்லை அரைகுறையாகத்தான் தொடுகிறது. துளையை அத்தனை தடவை அளந்தவர் உயரத்தை அளக்கவில்லை. கடையிலும் துளையை ஒட்டிப் பார்த்தாரே தவிர, முழுக்க உட்காருகிறதா என்று குனிந்து பார்க்கவில்லை. மாற்றிக் கொடுப்பார்கள், ஆனால் இனி பஸ் பிடித்துப் போய்ச் சேர்வதற்குள் பூட்டிவிடுவார்கள், திங்கட்கிழமைதான் கடை திறக்கும் என்றார் வீரமணி. திங்கட்கிழமை காலையில் வீடியோ போக வேண்டும்.

முதசிர் செல்போனைப் பார்க்கிற மாதிரி தலையைக் குனிந்துகொண்டான். மாடிப்படியில் வெண்மதி ஒவ்வொரு படியாக உட்கார்ந்து உட்கார்ந்து இறங்கிக்கொண்டிருந்தாள். இந்தப் பிள்ளைக்கு அப்பா மறுபடி போனுக்குள் போய்விடுவார் என்று நினைத்ததும் என் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. நான் அப்படியெல்லாம் அழுகிற ஆள் இல்லை.

அப்போது வீரமணி பழைய கூலரைக் கையில் எடுத்தார். விசிறி இல்லாத வெறும் அலுமினியத் தகடு. அதைத் திருப்பினார். பிறகு புதுக் கூலரைப் பார்த்தார்.

"மச்சான், பழசுல தகடு நல்லாத்தான் இருக்குது. அது இந்தக் கார்டுக்குன்னே செஞ்சது, எங்கயும் முட்டாது. செத்தது விசிறி மட்டும்தான். புதுசுல இருக்கற விசிறியக் கழட்டி இதுல கட்டிட்டா?"

முதசிர் நிமிர்ந்தான். கட்டலாங்கண்ணா, ஓடும், ஆனா புதுசுல கை வெச்சிட்டீங்கன்னா கடையில திருப்பி எடுக்க மாட்டாங்க, நல்லா யோசிச்சுக்குங்க என்றான். யோசிக்கச் சொன்னது யாரிடம்? நான் மனசுக்குள் தலையில் அடித்துக்கொண்டேன். இனி ஞாயிற்றுக்கிழமை முழுக்க இவர் யோசிப்பார் என்று நினைத்தேன். ஆனால் முதசிர் சொல்லி முடிப்பதற்குள் திருப்புளி திருகில் இறங்கியிருந்தது. இரண்டு விசிறியும் கழன்று அவர் கைக்கு வந்துவிட்டன. இந்த மனுஷன் வாழ்க்கையில் யோசிக்காமல் செய்து நான் பார்த்த ஒரே காரியம் அது.

விசிறியைத் தகட்டின் மேல் வைத்தால் நிற்கவில்லை, அதற்கான திருகு பழைய தகட்டில் கிடையாது. முதசிர் கொண்டுவந்திருந்த பிளாஸ்டிக் பட்டைகள் எட்டவில்லை. நான் மண்டிக்கு ஓடிப்போய் சாக்கு தைக்கிற கோணி ஊசியும் நைலான் நூலும் எடுத்து வந்தேன். தகட்டுக்கும் தகட்டுக்கும் நடுவில் ஊசியை விட்டு, விசிறியின் நான்கு மூலையையும் வெங்காய மூட்டைக்குத் தைக்கிற மாதிரி தைத்தோம். அவர் பிடித்துக்கொண்டார், நான் தைத்தேன், நூல் இறக்கையில் படாமல் முதசிர் பார்த்துக்கொண்டான். பார்க்க அசிங்கமாகத்தான் இருந்தது. பேஸ்ட்டைத் துடைத்துப் புதிதாகத் தடவி மாட்டினார்கள். விசிறி இரண்டும் சத்தமே இல்லாமல் சுற்றின.

அன்று சும்மா ஓடவிட்டுப் பார்த்ததோடு சரி. அசல் வேலை ஞாயிற்றுக்கிழமை காலையில் தொடங்கியது. கலைமதிக்கு அன்று பக்கத்துக் கிராமத்தில் மருத்துவ முகாம். நான் கறி வாங்கிக்கொண்டு போய், மாடியிலேயே உட்கார்ந்துவிட்டேன். சூடு ஐம்பது ஆனது. அறுபது ஆனது. அறுபத்தைந்து. பொங்குகிற பாலைப் பார்க்கிற மாதிரி நாங்கள் இருவரும் அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தோம். அறுபத்தெட்டுக்கு வந்தது. அங்கேயே நின்றது. சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தேன், அறுபத்தெட்டு. நடுவில் ஒருமுறை கரண்டு போய் யுபிஎஸ் கூவியது, அப்போதும் அறுபத்தெட்டு. எனக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. நாற்காலியில் சாய்ந்து தூங்கியே போய்விட்டேன்.

வெயில் தாழ்வதற்குள் வீடியோ முடிந்தது. திங்கட்கிழமை போக வேண்டியது ஞாயிறே பெங்களூர் போய்ச் சேர்ந்தது. கிடைத்தது, நன்றாக இருக்கிறது, அடுத்த வேலையை வீட்டுக்கே அனுப்புகிறோம் என்று லீவு நாளிலும் பதில் வந்தது. வீரமணி அதை மூன்று தடவை படித்தார். அந்த மூன்றுக்கு நான் ஒன்றும் சொல்லவில்லை.

கலைமதி முகாம் முடிந்து வந்தாள். வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டே, "காய்ச்சல் எவ்ளோங்க?" என்றாள்.

"அறுபத்தெட்டு. எறங்கிருச்சு. வீடியோவும் போயிருச்சு, பதிலும் வந்துருச்சு."

"அப்போ பொழச்சுக்கும்" என்று சொல்லிவிட்டு முகம் கழுவ உள்ளே போனாள். ரொம்ப நேரம் வெளியே வரவில்லை. குழாய்ச் சத்தமும் கேட்கவில்லை. அவர் எழுந்து போனார், எனக்கும் உட்கார முடியவில்லை, பின்னாலேயே போனேன்.

கட்டிலுக்குக் கீழே இருந்த பெரிய பெட்டியை வெளியே இழுத்து, முன்னால் தரையில் உட்கார்ந்திருந்தாள். உள்ளே அவருடைய சட்டைகள், பேன்ட்டுகள், எல்லாம் இஸ்திரி போட்டு அடுக்கியிருந்தன. ஓரத்தில் துணியில் சுற்றிய ஊறுகாய் பாட்டில். மேலே வெண்மதியின் போட்டோ ஒன்று. அந்த வாரம் பூராவும் அவள் துவைத்ததும் இஸ்திரி போட்டதும் இதற்குத்தான் என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது.

"உங்களுக்குத் தெரிஞ்சா மனசு ஒடஞ்சுருவீங்கன்னுதான் சொல்லல. அழுவாம அனுப்பணும்னு வாரமெல்லாம் பல்லக் கடிச்சுக்கிட்டு இருந்தன்" என்றாள். புறங்கையால் கண்ணைத் துடைத்தாள். "போவலன்னு ஆனப்புறம் பாருங்க, நிக்க மாட்டேங்குது."

வீரமணி அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். பெட்டியைத் தன் பக்கம் இழுத்து, சட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்து, எழுந்து போய்ச் சுவரில் இருந்த ஆணியில் மாட்ட ஆரம்பித்தார்.